ஆயிரத்து நானூறு டிகிரிக்கு ஒரு சாட்சி

இரண்டு குழாய்களையும் சாப்பாட்டு மேஜைமேல் அருகருகே வைத்தேன்.

பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். வெள்ளை வெளேரென்று, ஒரு முழ நீளம், பெருவிரல் தடிமன், மேற்புறம் முழுக்க வரிவரியாகப் பள்ளம். இரண்டுமே அலுமினா என்ற பீங்கான். இரண்டுமே என் கையால் வார்த்து என் சூளையில் சுட்டவை. ஒன்றை முறைப்படி சுட்டு எடுத்தேன். மற்றதை வேண்டுமென்றே முந்நூறு டிகிரி முன்னதாகவே இறக்கிவிட்டேன். வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே சுவர் முற்றியிருக்காது. வாயுவை அடைத்துச் சூடேற்றினால் தாங்காது. வெடிக்கும்.

யார் முகத்துக்கு எதிரே வெடிக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்திருந்தேன்.

சுவரைத் தடவிக்கொண்டே அண்ணன் வந்தான். நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தான். மேஜைமேல் கையை ஓட்டினான். முதல் குழாய் தட்டுப்பட்டது. நகத்தால் ஒரு சுண்டு. 'டிங்' என்றது. பக்கத்தில் இருந்ததையும் சுண்டினான். 'டொக்'.

மறுபடி சுண்டினான். மறுபடி 'டொக்'.

"எதை எடுத்துட்டுப் போறே, பாப்பா?"

எனக்கு நாற்பத்தொரு வயது. தொழிற்சாலையில் நாலு சூளைக்கு நான்தான் பொறுப்பு. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"நல்லதத்தான்."

"பொய் சொன்னா உன் குரல் அரைக் கட்டை ஏறுது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

அடுக்களையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். "காலங்காத்தால அண்ணனும் தங்கச்சியும் கச்சேரி வைக்காதீங்க. அது சாப்பிடுற மேஜை. அந்தக் குழாய் ரெண்டையும் எடுத்தாத்தான் தட்டு வரும்."

நான் எடுக்கவில்லை. அண்ணன் விடவும் இல்லை. 'டொக்' குழாயைப் பிடித்தபடியே இருந்தான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே, கன்னத்தில் இருந்த தழும்புகள் இறுகின.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இரண்டு கண்ணும் இருந்தன. சாதாரணக் கண்கள் அல்ல. எரியும் சூளையின் ஓட்டையில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணூத்தி இருபது, பத்து முன்னப் பின்ன இருக்கும்" என்பான். கருவியை வைத்துப் பார்த்தால் எண்ணூற்றுப் பதினைந்து என்று காட்டும். தக்காளிச் சிவப்பு என்றால் எண்ணூறு. ஆரஞ்சு என்றால் ஆயிரம். கண் கூசும் மஞ்சள் வந்தால்தான் ஆயிரத்து நானூறு. எங்கள் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் இப்படியே பார்த்துப் பழகியவன்.

அந்தக் கண்ணுக்காகத்தான் விஞ்ஞானி அவனை வேலைக்கு இழுத்துக்கொண்டார்.

விஞ்ஞானி என்று அவரை அவரே அழைத்துக்கொண்டார். பத்திரிகைகளும் அப்படியே எழுதின. அவருடைய இயந்திரத்தின் பெயர் குளிர் அணுச்சேர்க்கை உலை. அலுமினாக் குழாய்க்குள் நிக்கல் பொடி. கூடவே, சூடேறினால் ஹைட்ரஜனைக் கக்கும் லித்தியப் பொடி. இரண்டு முனையையும் அடைத்து, குழாயைச் சுற்றிக் கம்பிச் சுருள் கட்டி, மேலே வெள்ளைப் பசை பூசி, மின்சாரம் கொடுப்பார். உள்ளே அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கொடுத்ததைப் போல மூன்று மடங்கு வெப்பம் வெளியே வருகிறது என்பார். குழாயின் மேற்பரப்பு ஆயிரத்து நானூறு டிகிரி என்பார்.

"பேரு குளிரு, சூடு ஆயிரத்து நானூறா?" என்று அண்ணி அன்றைக்கே கேட்டாள். சூரியனுக்குள் கோடிக்கணக்கான டிகிரியில் நடப்பது இங்கே ஆயிரத்தில் நடக்கிறதாம், அதனால் குளிர் என்று அண்ணன் விளக்கினான். "நல்லாத்தான் பேரு வச்சிருக்காரு" என்றாள் அவள்.

அவனும் நம்பித்தான் போனான். இரண்டு மாதம் கழித்து, பெரிய மனிதர் ஒருவர் பார்க்க வந்திருந்த சமயத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் சொல்லிவிட்டான். "சார், இது ஆயிரத்து நானூறு நிறமே இல்ல. தக்காளி கொஞ்சம் பழுத்திருக்கு, அவ்வளவுதான். எண்ணூத்தி அம்பதைத் தாண்டாது."

வந்தவர் சிரித்தார். விஞ்ஞானி சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆள் எல்லாரும் இருக்கும்போதே விஞ்ஞானி மின்சாரத்தை ஏற்றினார். உலைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு. அதில் பார்ப்பதற்கு ஒரு துளை. "நீதான் நிறம் பாக்குற நிபுணனாச்சே, கிட்டப் போய்ப் பாரு. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரு. அப்பத்தான் நிறம் சரியாத் தெரியும்" என்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு ரோஷம். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் துளையில் முகத்தை வைத்தான்.

ஹைட்ரஜன் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடித்தது.

அறிக்கையில் விஞ்ஞானி எழுதியது இரண்டே வரி. ஊழியர் குடித்துவிட்டு வந்து பாதுகாப்பு விதியை மீறினார். உலையின் கட்டுக்கடங்காத ஆற்றலுக்கு இந்த வெடிப்பே அத்தாட்சி.

என் அண்ணன் வாழ்க்கையில் குடித்ததே இல்லை.

இன்றைக்கு அந்த உலையைச் சோதிக்க வெளியிலிருந்து குழு வருகிறது. அவர்கள் சரி என்றால், நாடு முழுக்க அவர் உலை போய்விடும். விஞ்ஞானிக்கு இப்போது குழாய் எங்கள் தொழிற்சாலையிலிருந்துதான் போகிறது. பொருத்திக் கொடுக்க ஆள் அனுப்பச் சொன்னார். நானே போகிறேன் என்றேன். நான் யார் தங்கை என்பது அவருக்குத் தெரியாது. வேலைக்காரனுக்குத் தங்கை இருப்பாளா என்றெல்லாம் அவர் எப்போது யோசித்தார்?

இன்றைக்கும் அந்தத் துளையில் அவர் முகம் வைப்பார். ஒவ்வொரு காட்சியிலும் கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்து, "சூரியனை நேருக்கு நேர் பாக்குறேன்" என்பது அவருடைய வழக்கமான வித்தை. அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும்.

"இத எடுத்துட்டுப் போகாதே" என்றான் அண்ணன்.

"ஏன்? இரக்கமா?"

"இரக்கமா! எனக்கா?" அவன் சிரித்த சிரிப்பு எனக்கே பயமாக இருந்தது. "போன தடவை வெடிச்சதுல என் கண்ணு போச்சு, அவனுக்குப் பேரு வந்துச்சு. இந்தத் தடவை வெடிச்சா அவன் கண்ணு போகும், அவன் தியாகி ஆயிடுவான். விஞ்ஞானத்துக்குக் கண்ணக் குடுத்த மகான்னு சிலை வைப்பாங்க. அந்தச் சிலையத் தடவிப் பாக்குற பொழப்பு எனக்கு வேணுமா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"அவன் கண்ணு நல்லா இருக்கணும். ரெண்டும். நல்லாத் தெறந்து பாக்கணும்."

விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றினான். ஐந்து வருடமாக அவன் கழற்றாத மோதிரம்.

"சாட்சி வை" என்றான்.

எங்கள் தொழிற்சாலையில் சாட்சி இல்லாமல் எந்தச் சூளையும் மூட்டப்படுவதில்லை. கருவி பொய் சொல்லும். கம்பி தேயும், எண் தவறும். அதனால் சரக்கோடு சரக்காக ஒரு துண்டு உலோகத்தை உள்ளே வைத்துவிடுவோம். எந்தச் சூட்டில் உருகும் என்று துல்லியமாகத் தெரிந்த உலோகம். அதற்குத்தான் சாட்சி என்று பெயர். சூளை ஆறினதும் முதலில் சாட்சியைத்தான் பார்ப்போம். உருகியிருந்தால் அந்தச் சூடு வந்தது. உருகவில்லை என்றால் வரவில்லை. மேலதிகாரி சத்தியம் செய்தாலும் எடுபடாது.

இந்த மோதிரம் அப்படிப்பட்ட சாட்சிக் கம்பியில் மிச்சம் வந்த துண்டு. கலப்பில்லாத சுத்த வெள்ளி. அண்ணனே வளைத்துப் போட்டுக்கொண்டது. உருகும் சூடு தொள்ளாயிரத்து அறுபது.

"உள்ள வைக்க விடமாட்டாரே. அவரு உலையத் தொட்டு யாரும் எதையும் அளக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்காரு. எல்லாம் தூரத்துலேர்ந்து சூடு பாக்குற கேமராதான்."

"விடுவான். பத்து வருஷமா ஒரே பொய்யச் சொல்றவனுக்கு அது பொய்ங்கிறதே மறந்துபோயிருக்கும். உருகிடும்னு நம்பிட்டே வைக்க விடுவான்."

"மறக்கலன்னா?"

"அப்ப நீ கொண்டு போற பெட்டியில இன்னொரு குழாய் இருக்கும்ல." 'டொக்' குழாயை என் பக்கம் தள்ளினான். "உன் அண்ணன் என்ன சொன்னாலும் நீ கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அண்ணி தட்டோடு வந்து நின்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எது வச்சாலும் சரி, அந்த ஆளு மூஞ்சியப் பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு. அதுக்காகவே சமைச்சு வைக்கிறேன்."

இரண்டு குழாயையும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். 'டிங்' குழாய் இடது பக்கம். 'டொக்' வலது பக்கம்.

காலை பத்து மணி. விஞ்ஞானியின் கூடம் ஒரு பழைய கிடங்கு. தரைக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருந்தார்கள். நடுவில் இரும்பு மேடை, அதன்மேல் உலைக்கான தாங்கிகள். முன்னால் அதே கண்ணாடித் தடுப்பு. கண்ணாடி புதிது. துளை அதே உயரத்தில்.

சோதனைக் குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு பேராசிரியை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு சின்ன நோட்டு, காதோரம் செருகின பென்சில். மற்ற இருவரும் அவருக்கு முந்திக்கொண்டு பேசாதவர்கள்.

சுவரில் ஒரு பெரிய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சிதறிய அலுமினாத் துண்டுகள், கருகிய கம்பி. கீழே, 'கட்டுக்கடங்காத ஆற்றல்' என்று தங்க எழுத்து. துண்டுகளில் ஒன்றின்மேல் பழுப்பாக ஒரு கறை. அது துரு என்று வருகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.

"ஏம்மா குழாய்க்காரி, அங்க என்ன வேடிக்கை? மாட்டு சீக்கிரம்." விஞ்ஞானி கோட்டுப் பொத்தானைப் போட்டபடி வந்தார். நரைத்த தலை, நிமிர்ந்த நடை, சிரிக்காத நேரத்திலும் சிரிக்கிற மாதிரி வாய்.

மேடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தேன். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று.

பேராசிரியை படத்தைக் காட்டிக் கேட்டார். "இது எப்போ நடந்தது?"

"அஞ்சு வருஷம் ஆச்சு மேடம். ஒரு குடிகாரப் பய. பேசாம இருடான்னா இருக்கமாட்டான். தலைய உள்ள விட்டான், கண்ணு போச்சு."

என் வலது கை வலது பக்கக் குழாய்மேல் போய் நின்றது. குழாய் குளிர்ந்திருந்தது. கை கொதித்தது.

"பாவம்" என்றார் பேராசிரியை.

"பாவம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும் மேடம், அது வெடிச்சது எங்க நல்ல நேரம். அதுவரைக்கும் ஒரு பய நம்பல. வெடிச்சதும்தான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. இன்னிக்கு இன்னொண்ணு வெடிச்சாக்கூட எனக்குச் சந்தோஷம்தான்!"

சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

நான் கையை எடுத்தேன். அண்ணன் காலையில் சொன்னதை இவரே சொல்லிவிட்டார். இவருக்குச் சந்தோஷம் தருகிற எதையும் இன்றைக்கு நான் செய்யப்போவதில்லை.

இடது பக்கக் குழாயை எடுத்தேன். 'டிங்'.

அவருடைய ஆள் ஒருவர் பொடிகளை நிறுத்து உள்ளே போட்டார். முனைகளை அடைத்தேன், கம்பியைச் சுற்றினேன், பசை பூசிக் காயவிட்டேன், தாங்கியில் பொருத்தினேன். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம். பிறகு எழுந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

"சார், ஒரு சின்ன வேலை பாக்கி. சாட்சி வைக்கணும்."

"என்ன சாட்சி? கோர்ட்டா இது?"

"எங்க தொழிற்சாலை வழக்கம் சார். சாட்சி வைக்காம எந்தக் குழாயையும் சூடேத்த விடமாட்டோம். வைக்கலன்னா குழாய்க்கு நாங்க பொறுப்பில்ல. இந்த வெள்ளி மோதிரத்த மேல பள்ளத்துல வச்சிடுறேன். அவ்வளவுதான்."

விஞ்ஞானியின் புருவம் ஏறியது. "என் உலையத் தொட்டு எதுவும்..."

"குழாய்க்குப் பொறுப்பில்லைன்னா நாங்க எப்படிச் சோதிக்கிறது?" என்றார் பேராசிரியை. மோதிரத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சுத்த வெள்ளியா?"

தொழிற்சாலையின் தரச்சான்றுத் தாளை நீட்டினேன். படித்தார். நோட்டில் குறித்துக்கொண்டார். "இதனால உங்க உலைக்கு என்ன கெடுதல்?"

விஞ்ஞானி ஒரு நொடி என்னைப் பார்த்தார். மறக்கவில்லையோ? இந்த ஆளுக்குத் தெரியுமோ?

வாய் மெல்ல விரிந்தது. "என்ன கெடுதல்? ஒண்ணுமில்ல. வைம்மா, வை. ஆயிரத்து நானூறு டிகிரியில உன் மோதிரம் தண்ணியா ஓடிடும். அப்புறம் புருஷன் கேட்டா என்னைக் கை காட்டாதே!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அண்ணா, மறந்தேவிட்டான்.

மோதிரத்தைப் பள்ளத்தில் படுக்கவைத்தேன். மின்சாரம் ஏறத் தொடங்கியது. கேமராக்காரர் திரையைத் திருப்பிவைத்தார். ஒல்லியான மனிதர். விஞ்ஞானி கூப்பிட்டாலே எழுந்து நிற்கிறவர். இருநூறு. ஐந்நூறு. எண்ணூறு. குழாய் இருளிலிருந்து மங்கிய சிவப்புக்கு வந்தது. திரையில் ஆயிரத்து நூறு. ஆயிரத்து முந்நூறு.

"ஆயிரத்து நானூறு!" என்று கூவினார் கேமராக்காரர்.

விஞ்ஞானி பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, துளையில் முகத்தை வைத்தார். "சூரியனை நேருக்கு நேர் பாக்குறேன்!"

முகம் முழுசாக அங்கே இருந்தது. குழாய் தக்காளிச் சிவப்பில் அமைதியாக இருந்தது. என் பெட்டியில் 'டொக்' குழாய் சும்மா கிடந்தது. அந்த நிமிடம் போய்விட்டது. அதை விட்டதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன்.

விஞ்ஞானியின் ஆட்கள் கைதட்டினார்கள். பேராசிரியை கைதட்டவில்லை. அவர் குழாயைப் பார்க்கவில்லை, அதன்மேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோதிரம் அப்படியே இருக்கே?"

கைதட்டல் நின்றது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்து நானூறு டிகிரியின்மேல் வெள்ளி மோதிரம் வட்டம் கலையாமல் படுத்திருந்தது.

"அது... மேல இருக்கிறதுனால காத்து படுது மேடம்" என்றார் விஞ்ஞானி. "பத்து நிமிஷம் குடுங்க."

பத்து நிமிடம் ஆயிற்று. மோதிரம் அசையவில்லை.

நான் மெதுவாகச் சொன்னேன். "சார், எங்க சூளையில சாட்சி உருகலன்னா சூடு வரலன்னு அர்த்தம். நிறுத்திடலாமா?"

நிறுத்தலாமா என்ற வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் என் அண்ணனைத் துளைக்குத் தள்ளிய அதே ரோஷம் இந்த ஆளுக்கும் உண்டு.

"நிறுத்துறதா? குழாய்க்காரி எனக்குச் சூடு சொல்லித் தர்றாளா?" கழுத்து நரம்பு புடைத்தது. "யோவ், ஏத்துய்யா!"

"சார், ஆயிரத்து நானூறுக்கு மேல நாம ஏத்தினதில்ல..." என்றார் கேமராக்காரர்.

"தள்ளு!" அவரை ஒதுக்கிவிட்டு, தானே மின்சாரத்தை ஏற்றும் குமிழைப் பிடித்துத் திருகினார். தன் கையால். குழுவின் மூன்று பேரும் பார்க்க.

ஆயிரத்து நானூற்றைம்பது. ஆயிரத்து ஐந்நூறு. குழாய் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு நகர்ந்தது. பேராசிரியையின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆயிரத்து ஐந்நூற்று எழுபது. இன்னும் திருகினார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை.

மோதிரத்தின் ஓரம் பளபளத்தது. நடுங்கியது. வட்டம் தொய்ந்தது. பிறகு ஒரே நொடியில் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு, முத்து மாதிரி ஒரு உருண்டை ஆனது.

"உருகிடுச்சு!" விஞ்ஞானி இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். "உருகிடுச்சு பாத்தீங்களா? யாரு சூடு வரலன்னது? எழுதிக்குங்க மேடம்! எழுதிக்குங்க!"

"எழுதிக்கிட்டேன்" என்றார் பேராசிரியை. "திரையில இப்போ என்ன எண்?"

கேமராக்காரர் படித்தார். "ஆயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு."

"சுத்த வெள்ளி எத்தனை டிகிரியில உருகும்?"

பேராசிரியை என்னைத்தான் பார்த்தார்.

"தொள்ளாயிரத்து அறுபது மேடம்" என்றேன். "பத்து முன்னப் பின்ன."

விஞ்ஞானியின் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"இப்போதான் உருகினது" என்றார் பேராசிரியை, அவசரமே இல்லாமல். "அப்போ குழாய் இப்போதான் தொள்ளாயிரத்து அறுபதுக்கு வந்திருக்கு. உங்க திரை ஆயிரத்து அறுநூறுங்குது. குழாயில சுத்தியிருக்கிற கம்பி என்ன உலோகம்?"

"நிக்கல், குரோமியம் கலந்தது" என்றார் கேமராக்காரர், சின்னக் குரலில்.

"அது ஆயிரத்து நானூறுக்குள்ள உருகிடும். உள்ள இருக்கிற நிக்கல் பொடி ஆயிரத்து நானூத்தி அம்பத்தஞ்சுல உருகும். திரை சொல்றது நிஜம்னா, இந்நேரம் கம்பி அறுந்து மின்சாரமே நின்னிருக்கணும். இது நல்லா எரிஞ்சுட்டிருக்கு." கேமரா பக்கம் போனார். "வெள்ளை அலுமினாவுக்கு இதுல என்ன எண் குடுத்திருக்கீங்க?"

ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பொருளும் ஒரே அளவு வெப்ப ஒளி வீசாது. எதைப் பார்க்கிறோம் என்று கேமராவுக்கு ஒரு எண் சொல்லிவைக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் அது டிகிரியைக் கணக்குப் போடும். எண்ணைக் குறைத்துச் சொன்னால் டிகிரியைக் கூட்டிக் காட்டும்.

"பூஜ்யம் புள்ளி நாலு" என்றார் கேமராக்காரர். "புத்தகத்துல இருந்துச்சு. சார்தான் போடச் சொன்னாரு."

"புத்தகத்துல இருக்கிறது எல்லா ஒளியையும் சேத்த கணக்கு. இந்தக் கேமரா பாக்குற ஒளிக்கு அலுமினாவோட எண் பூஜ்யம் புள்ளி ஒன்பதுக்கு மேல. மாத்துங்க."

கேமராக்காரர் விஞ்ஞானியைப் பார்த்தார். பிறகு, அநேகமாக வாழ்க்கையில் முதல்தடவையாக, அவரைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார்.

திரை ஒருமுறை கண் சிமிட்டியது. தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று.

"இந்தச் சூட்டுக்கு நீங்க குடுத்த மின்சாரமே போதும்" என்று நோட்டை மூடினார் பேராசிரியை. "மூணு மடங்கும் இல்ல, அணுவும் இல்ல. இது ஒரு ஹீட்டர். நல்ல ஹீட்டர்தான்."

குழுவில் ஒருவர் இருமினார். சிரிப்பை அப்படி மறைத்தார் என்று நினைக்கிறேன்.

உலையை அணைத்து ஆறவிட்டார்கள். அதற்குள் கூடம் காலியாகிவிட்டது. குழு அடுத்த அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது. நான் இடுக்கியால் வெள்ளி உருண்டையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன்.

விஞ்ஞானி என் பக்கத்தில் வந்து நின்றார். நிமிர்ந்த நடையைக் காணோம்.

"அம்மா" என்றார். காலையில் குழாய்க்காரி, இப்போது அம்மா. "குழாயில பழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. சரியாச் சுடாத குழாய்னு சொல்லு. இன்னொரு நாள் சோதிக்க விடுவாங்க. உன்னால முடியும்."

நான் பெட்டியைத் திறந்து வலது பக்கக் குழாயை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நகத்தால சுண்டிப் பாருங்க சார்."

புரியாமல் சுண்டினார். 'டொக்'.

"இதுதான் பழுது. முந்நூறு டிகிரி குறைச்சு, உங்களுக்குன்னே சுட்டேன். இத மாட்டியிருந்தா, நீங்க துளையில மூஞ்சிய வச்சிட்டு சூரியன்னு சொன்னீங்களே, அப்ப வெடிச்சிருக்கும்."

அவருக்குக் குழாயைக் கீழே போடவும் பயம், பிடிக்கவும் பயம். "நீ... நீ யாரு?"

சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினேன். "அந்தக் கறைக்குத் தங்கச்சி. அவன் குடிக்கமாட்டான் சார். அவன்தான் இதை மாட்டாதேன்னான். உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்கணும்னான். நாளைக்குப் பேப்பர்ல என்ன வருதுன்னு நீங்க படிக்கணுமாம்."

அவர் படத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. திகட்டவில்லை.

பிறகு அடுத்த அறைக்குப் போய், பேராசிரியையிடம் ஐந்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையின் நகலையும் மருத்துவமனையில் அன்றைக்கே எடுத்த ரத்தச் சோதனைத் தாளையும் கொடுத்தேன். மது இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. ஐந்து வருடமாகப் படிக்க ஆளில்லாமல் இருந்த தாள். அவர் இரண்டு தடவை படித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

வீட்டுக்குப் போனபோது அண்ணி கதவைத் திறந்துவைத்துக்கொண்டே நின்றாள். அண்ணன் மேஜையில் உட்கார்ந்திருந்தான். கைக்குட்டையை அவிழ்த்து உருண்டையை அவன் உள்ளங்கையில் போட்டேன். விரலால் உருட்டினான். மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருந்தது.

"முழுசா உருகியிருக்கு" என்றான். "திரையில எவ்வளவு?"

"ஆயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு."

விஞ்ஞானியே குமிழைத் திருகி ஏற்றின கதையை ஒன்று விடாமல் சொன்னேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். தட்டுகள் குதித்தன. அண்ணி திட்டாமல் தட்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மூஞ்சி? நிறம் சொல்லு பாப்பா. நிறம்."

"ஆறின குழாய் நிறம். வெள்ளை வெளேர்னு."

கொஞ்ச நேரம் உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லு. அவனே குமிழத் திருகினானே, அங்கேர்ந்து சொல்லு. மெதுவாச் சொல்லு."